கிள்ளான் துறைமுகமும் எண்ணப்படாத ஓசையும்

ஆரவாரம் மிக்க துறைமுகம் வளம் மிக்க நாட்டின் அடையாளம் என்று கருதுவது தொன்றுதொட்டு வரும் மரபு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்குமாகக் குவிந்து கிடந்த பண்டங்களையும், அவற்றின்மீது புலி முத்திரை பொறித்த சுங்கத்தாரையும் கண்முன் நிறுத்துகிறது. அதனைப் பயிலும் மாணவர், துறைமுகம் என்றதும் ஆரவாரத்தையும் செல்வத்தையும் இணைத்தே எண்ணுவர். அவ்வாறு எண்ணுவதில் பிழையில்லை. எனினும், அந்த ஆரவாரத்தின் அருகே இரவில் கண்ணயர முயன்றவர் யார், பகலில் பாடம் படிக்க முயன்ற சிறுவர் யார் என்னும் வினாவைத் துறைமுக வரலாறுகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வெள்ளம் வடிந்த பின்னும் அதன் கறை சுவரில் நிற்கும். தீ அவிந்த பின்னும் கரி எஞ்சும். ஓசையோ எழுந்த கணமே மறைந்துபோகிறது. அதனால் அது விளைத்த கேடும் ஏட்டில் ஏறாமற் போகிறது.

ஓசையைக் குறைப்பது ஒன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவது வேறொன்று. உரோமாபுரியில் கி.மு. 45-ஐ ஒட்டி, ஜூலியஸ் சீசர் காலத்தில் எழுந்த சட்டம், நெரிசலைக் கருதிப் பாரவண்டிகள் பகற்பொழுதில் நகருக்குள் ஓடுவதைத் தடுத்தது. வண்டிகள் நிற்கவில்லை; இரவில் ஓடின. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த ஜூவனல் என்னும் அங்கதப் புலவர், அவ்வண்டிகளின் இரைச்சலால் எளியோர் உறக்கமிழப்பதைக் கடிந்து பாடினார். பகலின் தொல்லை இரவுக்கு மாறியது. அதனைச் சுமந்தவரும் மாறினர். கிள்ளான் துறைமுகத்தின் ஒன்றேகால் நூற்றாண்டு வரலாற்றிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம்.

ஆற்றுத்துறையும் கடல்துறையும்

கிள்ளான் நகரில் 1857-இல் கட்டப்பட்ட ராஜா அப்துல்லா கிடங்கு இன்றும் நிற்கிறது. ஈயமும் பிற பொருள்களும் ஆற்றின் வழியே போய் வந்த காலத்தின் சான்று அது. கடலிலிருந்து வந்த சிறு கப்பல்கள் கிள்ளான் ஆற்றில் உள்ளே நுழைந்து, பெங்காலான் பத்து என்னும் துறையில் நின்றன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886 செப்டம்பர் 15-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின்மேல் பாலம் அமைந்தபோது ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது.

ஆற்றுத்துறை ஆழங்குறைந்தது, வளைவுகள் மிக்கது, பெரிய கப்பல்களுக்கு ஏற்றதன்று. ஆகவே கழிமுகத்தை அடுத்த சதுப்புக் காட்டில் புதிய துறைமுகம் ஒன்று கட்டப்பெற்று, 1901 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. சிலாங்கூர் ரெசிடெண்டாக விளங்கிய பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் அது போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கலாயிற்று.

எண்ணிப் பார்த்த மருத்துவர்

புதிய துறைமுகம் பிறந்தவுடனேயே அதற்கு உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. சதுப்பு நிலத்தில் பெருகிய கொசுக்களால் மலேரியாக் காய்ச்சல் பரவியது. துறைமுகத்தில் உழைத்தவர் ஒருவர்பின் ஒருவராகப் படுக்கையில் வீழ்ந்தனர். திறந்து சில வாரங்களே ஆகியிருந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று ஆட்சியாளர் எண்ணும் நிலை ஏற்பட்டது.

அவ்வேளையில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மையை ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. வாட்சன் அவ்வுண்மையை நம்பினார். வடிகால் வெட்டி, நீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்த்து, புதரை அழிக்கும் பணி தொடங்கிற்று. அத்துடன் அவர் வேறொன்றும் செய்தார். மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு நோயாளரும் எப்பகுதியிலிருந்து வந்தார் என்பதைக் குறித்து வைத்தார்.

அக்குறிப்புகள் இன்றும் சிந்தனைக்கு விருந்தாகும். கிள்ளான் நகரிலிருந்து வந்த மலேரியா நோயாளர் 1901-இல் 334 பேர்; 1905-இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்தவர் 1901-இல் 188 பேர்; 1905-இல் 11 பேர். வடிகால் வெட்டப்பெறாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவரோ 197-இலிருந்து 353-ஆக உயர்ந்தனர். வேலை நடந்த இடத்தில் நோய் தணிந்தது. நடவாத இடத்தில் பெருகியது. இந்த ஒப்பீட்டுக்குப் பின் வாதத்திற்கு இடமேது?

இங்கே கருத வேண்டியவை இரண்டு. துறைமுகம் மூடப்படவில்லை, சதுப்புத்தான் வடிக்கப்பட்டது. வணிகத்தைக் கைவிடாமலேயே அண்டை மக்களைக் காக்க முடியும் என்பது முதலாவது பாடம். துன்பம் எண்ணிக்கையாக மாறிய பின்னரே அரசின் செவியில் ஏறிற்று என்பது இரண்டாவது பாடம். இவ்விரண்டு பாடங்களையும் கற்பித்த அதே மண்ணில், ஓசை என்னும் மற்றொரு தொல்லை நெடுங்காலம் எண்ணப்படாமலே வளர்ந்து வந்தது.

ஓசையால் பிழைத்த தலைமுறை

தொடக்கக் காலத்தில் துறைமுகத்தை நடத்தியது ரயில்வே நிருவாகமே. 1963-இல் துறைமுக ஆணையம் அமைக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. ஆகவே கடற்கரையின் ஓசையும் இருப்புப்பாதையின் ஓசையும் ஒரே நிருவாகத்தின் ஓசைகளாயின. அவற்றின் ஒரு முனை போர்ட் சுவெட்டன்ஹாம். மறுமுனை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்.

செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் ரயில்வே ஊழியரின் ஊராக மாறியது. சரக்கு வண்டிகளைப் பிரித்தும் கோத்தும் அனுப்பும் பெரிய ரயில் யார்டு அங்கே இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தரும் நிலைய அதிகாரிகளும் அதனைச் சுற்றிக் குடியமர்ந்தனர். நூறு குவார்ட்டர்ஸ் என்று பெயர் பெற்ற ரயில்வே குடியிருப்பு அவ்வாறு தோன்றியதே. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் விவேகானந்த ஆசிரமமும் அத்தலைமுறையின் முயற்சிகள். கோயில் மணியோசையோடு நீராவி எஞ்சினின் கூவலும், வண்டிகள் ஒன்றோடொன்று மோதி இணையும் ஓசையும் கலந்தே அவ்வூரின் நாள்கள் கழிந்தன.

துறைமுகத்திலும் அப்படியே. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தொங்கான்களில் சரக்கு கரைக்கு வந்தது. மூட்டைகள் தோள்மீது ஏறின. எண்ணிக்கை சொல்லுவோர் குரல், ஏற்றுவோர் குரல், நீராவிப் பாரந்தூக்கியின் இரைச்சல் ஆகிய எல்லாம் சேர்ந்ததே அந்நாளைய துறைமுக ஓசை. மலாயாத் தமிழர் பலருக்கு இந்நாட்டின் முதல் ஓசையும் அதுவாகவே இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வரை சென்ற ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை கடலில் ஓடியது. அதன் சங்கொலி சிலருக்கு வரவேற்பு, சிலருக்குப் பிரிவு.

இரைச்சல் அக்காலத்திலும் இரைச்சல்தான். கொதிகலன் பட்டறையிலும் எஞ்சின் கொட்டகையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குச் செவி மந்தமாகும் என்பது தொழில் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஆனால் அந்நாளில் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஓசை கேட்கும் தொலைவில் வாழ்ந்தவர் அவ்வோசையாலேயே பிழைத்தனர். எஞ்சின் கூவினால் கணவனுக்கு வேலை. சங்கு ஊதினால் மகனுக்குக் கூலி. எனவே ஓசையைப் பற்றிய முறையீடு எழுவதற்கு இடமில்லாதிருந்தது.

கொள்கலன் வந்த பின்

அந்த ஒப்பந்தத்தை முறித்தது ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26-இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 கொள்கலன்களை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உலகத் துறைமுகங்களின் தொழிலே அதன்பின் தலைகீழாக மாறியது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1973-இல் அங்குக் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 1986-இல் அம்முனையம் தனியார்மயமாயிற்று. 1990-களின் நடுவில், பூலாவ் லூமுட் என முன்னர் வழங்கிய பூலாவ் இண்டாத் தீவில் மேற்குத் துறைமுகம் எழுந்தது.

வளர்ச்சியின் வேகம் வியப்புக்குரியது. 2000-ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், 20 அடி அளவைக் கணக்கில், ஏறத்தாழ 32 இலட்சம். 2023-இல் அது 1 கோடியே 40 இலட்சத்தை எட்டியது. நாளொன்றுக்குச் சராசரி 38,000. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாறிச் செல்வன. எஞ்சியவற்றின் மிகப்பெரும் பகுதி லாரிகளில் சாலை வழியே போய் வருகிறது. மேற்குத் துறைமுகத்தின் கொள்ளளவை 2 கோடியே 70 இலட்சமாக உயர்த்தும் விரிவாக்கத்திற்கான ஒப்பந்தம் 2023 டிசம்பரில் கையெழுத்தானது.

ஓசையின் தன்மையும் மாறியது. கொள்கலன் கப்பல் கரையில் நிற்கும்போதும் அதன் மின்சாரத் தேவைக்காகத் துணை எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் முழக்கம் தாழ்ந்த அதிர்வெண் உடையது. சுவரையும் சாளரத்தையும் எளிதில் ஊடுருவும். இரும்புப் பெட்டிமேல் இரும்புப் பெட்டி இறங்கும்போது எழும் மோதலோசை திடீரென்று வெடிப்பது. உறக்கத்தைக் கலைப்பதில் தொடர்ந்த இரைச்சலைவிட வலியது. பின்னோக்கி நகரும் வண்டிகளின் எச்சரிக்கை ஒலி, கவனத்தை ஈர்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அது தொழிலாளியை மட்டும் ஈர்த்துவிட்டு நிற்பதில்லை. கப்பலுக்குக் காத்திருப்பு என்பது பணச்செலவு. ஆதலால் இரவும் பகலும் வேலை நடக்கிறது. தெளிந்த இரவுகளில் தரையையும் நீரையும் ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலுள்ள காற்று வெப்பமாக இருக்கும். அப்போது ஒலியலைகள் மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். பகலில் கேளாத ஓசை நள்ளிரவில் தொலைவிலும் கேட்பது அதனாலேயே.

ஓசை துறைமுக வாயிலோடு நின்றுவிடவும் இல்லை. லாரிகள் ஏறி அது நெடுஞ்சாலை எங்கும் பரவுகிறது. பழைய துறைமுகத்தையும் கிள்ளான் நகரையும் இணைக்கும் சாலை, பண்டமாரான், தெலுக் கோங் முதலிய ஊர்களை ஒட்டிய துறைமுகச் சாலைகள் ஆகியன அவ்வோசை செல்லும் வழிகள். பல தோள்கள் சுமந்த சரக்கை இப்பொழுது ஒரு பாரந்தூக்கியும் ஓர் ஓட்டுநரும் கையாளுகின்றனர். லாரி கடந்து செல்லும் வீட்டில் வாழ்பவருக்கு அதில் உள்ள சரக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதிருக்கலாம். பயன் ஓரிடம்; ஓசை வேறிடம். முன்னைய தலைமுறை பேசாதிருந்ததற்குக் காரணம் இருந்தது. இத்தலைமுறைக்கு அக்காரணம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வரலாறும் இதையே காட்டுகிறது. ரயில் யார்டு இருந்த 72 ஏக்கர் நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. எஞ்சின் கூவல் அடங்கியது. நூறு குவார்ட்டர்சும் பின்னர் இடிக்கப்பட்டன. அமைதி வந்ததா? அதன் இடத்தில் கட்டுமானமும் ஊர்திகளும் வந்தன. ஓசை போகவில்லை, அதனால் பிழைத்த மக்களே இடம்பெயர்ந்தனர்.

ஓசை செய்யும் கேடு

ஓசையின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படும். இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேற்படாமலும், பாடம் நடக்கும் வகுப்பறையில் புற இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இரவு இரைச்சல் உறக்கத்தைக் கெடுப்பதும், சாலை இரைச்சல் நெடுங்காலத்தில் இதய நோய்க்கு வழிகோலுவதும் ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளன. மேற்கு ஐரோப்பாவில் மட்டும், இரைச்சலால் ஆண்டுதோறும் இழக்கப்படும் நலவாழ்வு குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு ஈடாகும் என்று அந்நிறுவனம் 2011-இல் மதிப்பிட்டது.

குளிர்நாடுகளில் சாளரத்தை இறுக மூடி ஓசையைத் தடுக்கலாம். மலேசிய வெப்பத்தில் வீடுகளும் வகுப்பறைகளும் காற்றுக்காகத் திறந்தே கிடக்கின்றன. ஆகவே வெளியில் எழும் இரைச்சல் பெரிதும் குறையாமலே உள்ளே வருகிறது.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்றுண்டு. நியூயார்க் நகரில், உயரப் பாலத்தின்மேல் ஓடும் ரயில்பாதைக்கு அருகே ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. கட்டடத்தின் ஒரு பக்க வகுப்பறைகளில் ரயிலோசை நிறைந்தது; மறுபக்கம் அமைதி. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலார் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு 1975-இல் முடிவை வெளியிட்டார். இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள், ஆறாம் வகுப்பை எட்டும்போது ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பள்ளி ஒன்று, பாடம் ஒன்று, சாளரம் மட்டுமே வேறு. பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் இரப்பர்த் தகடுகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைகளின் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் வைக்கப்பட்டன. 1981-இல் வெளியான மறு ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது.

வாட்சனின் கணக்குக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. இருவரும் கேடு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அருகருகே வைத்து எண்ணினர். எண்ணியதால் பரிகாரம் பிறந்தது. பெருஞ்சாலைகளை அடுத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல அமைந்துள்ள நாட்டில் இவ்வாய்வு தமிழாசிரியர்க்கு அயலான செய்தி ஆகாது. லாரி கடக்கும் வரை வாயை மூடிக் காத்திருந்து, பின்னர் விட்ட சொல்லைத் தொடரும் ஆசிரியர் இழப்பது சில நொடிகளே. அந்த நொடிகளில் றகர ரகர வேறுபாட்டைச் செவியால் பற்ற வேண்டிய சிறு பிள்ளை இழப்பது அதைவிடப் பெரிது.

வேலிக்கு உள்ளும் புறமும்

மலேசியச் சட்டம் ஓசையை மறந்துவிடவில்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தன் 23-ஆம் பிரிவில் ஓசை மாசினைக் கட்டுப்படுத்துகிறது. 1987-இல் மோட்டார் ஊர்திகளின் ஓசைக்கு விதிகள் வந்தன. தொழிலாளரின் செவியைக் காக்க 1989-இல் தனி விதிகள் எழுந்தன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லையாயிற்று. 2019-இல் வந்த புதிய விதிகள் அவ்வெல்லையை 85 டெசிபலாகக் குறைத்தன. செவிக்காப்பு, செவிப் பரிசோதனை, அளவெடுப்பு ஆகியன முதலாளியின் கடமைகளாயின. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள்.

ஆயின் இக்காப்பு பணியிடத்து வேலிக்கு உள்ளே நிற்பவருக்கு உரியது. வேலிக்குப் புறத்தே வாழ்பவருக்கு உள்ளது வழிகாட்டி நெறி. சுற்றுச்சூழல் துறை 2004-இல் வெளியிட்ட நெறிகள், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்றும், நெருக்கமான நகர்க் குடியிருப்புகளுக்குப் பகலில் 60, இரவில் 50 டெசிபல் என்றும் வரையறுத்தன. திட்டமிடுவோர்க்கு இவை பெரிதும் பயன்பட்டன. எனினும் நெறி வேறு, சட்டம் வேறு. தொழிலாளியின் செவிக்கு அளவெடுப்பது கட்டாயம்; அவன் வீட்டில் உறங்கும் குழந்தையின் செவிக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஒரே குடும்பத்தின் செவிகளை வேலி இரண்டாகப் பிரிக்கிறது.

பிற துறைமுகங்கள் காட்டும் வழி

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இயற்றிய ஆணை, பெருநகரங்களுக்கு ஓசை வரைபடம் தீட்டுவதைக் கடமையாக்கியது. துறைமுகங்களும் அவ்வரைபடத்துள் அடங்கும். எந்தத் தெருவில் எத்தனை டெசிபல், அங்கு வாழ்வோர் எத்தனை பேர் என்பது அதனால் புலனாகிறது. ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் முதலிய துறைமுகங்கள் கூடி, துறைமுக ஓசையை அளந்து கட்டுப்படுத்தும் முறைகளைத் தொகுத்து 2008-இல் கையேடாக வெளியிட்டன.

சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000-ஆம் ஆண்டில், கரையில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே உயர் அழுத்த மின்சாரம் வழங்கலாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் 2004-இல் கொள்கலன் கப்பல்களுக்கு அவ்வசதியைத் தந்தது. அதற்கு முன், அண்டைக் குடியிருப்பாளர் நீதிமன்றம் சென்று, 2003-இல் உடன்பாடு கண்டிருந்தனர். அவர்களுடைய முதன்மைக் கவலை புகையே. எனினும் கரை மின்சாரம் வந்தால் கப்பலின் துணை எஞ்சின் ஓயும். புகையோடு முழக்கமும் தணியும். மோதலோசையைக் குறைக்க மெல்ல இறங்கும் பாரந்தூக்கிகளும், தொலைவில் தேய்ந்துபோகும் எச்சரிக்கை ஒலிகளும் உள்ளன. எந்தத் துறைமுகமும் ஓசைக்காக மூடப்பட வேண்டுவதில்லை. 1901-இல் காய்ச்சலுக்காக மூடப்பட வேண்டாதிருந்தது போலவே.

கிள்ளான் துறைமுகம் இன்னும் வளரும். அதன் அருகிலுள்ள கேரித் தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் எண்ணமும் பேசப்பட்டு வந்துள்ளது. அங்கே மா மெரிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் உண்டு. கட்டுவதற்கு முன்னரே அங்குள்ள இரவின் அமைதியை அளந்து குறித்து வைத்தால், பின்னர் இழந்தது எவ்வளவு என்று சொல்ல இயலும். குறிக்காவிடில் இழப்பு நேர்ந்தது என்பதற்கே சான்றிராது.

அளக்கும் பணிக்கு அரசும் துறைமுகமும் பொறுப்பு. ஆயினும் தொடங்குவதற்குப் பள்ளிகள் காத்திருக்க வேண்டுவதில்லை. சாலையோர வகுப்பறை ஒன்றில், ஒரு பாடவேளையில் எத்தனை முறை ஆசிரியரின் குரல் தடைப்பட்டது என்பதை மாணவர் ஒரு மாதம் குறிப்பேட்டில் குறித்து வரலாம். அதே பள்ளியின் உட்புற வகுப்பறை ஒன்றிலும் அவ்வாறே குறிக்கலாம். வாட்சன் கிள்ளான் மருத்துவமனையில் செய்ததும் ஏறத்தாழ அதுவே: யார் எங்கிருந்து வந்தார் என்று ஒவ்வொருவராக எழுதி வைத்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தபோது அந்த ஏடே அவருக்காகப் பேசியது.